தரம் ஆறிலேயே கோடிங் வேண்டுமா? திருகோணமலைப் பெற்றோர், ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி

உவர்மலையான்:
மகனின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். "தரம் ஆறிலிருந்தே கோடிங்கும், அதாவது கணினிக்கு நிரல் எழுதுவதும், செயற்கை நுண்ணறிவும் படிப்பியுங்கள்" என்றேன். பாதிப் பேர் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம். உயர்தரத்தில் பைதன் என்ற நிரல் மொழி வரும்வரை காத்திருந்தால் நம் பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளோடு எப்படிப் போட்டி போடுவது?

டொக்யார்ட் வீதிக் கடைக்காரன்:
தம்பி, நான் கொமினிகேஷன் கடை நடத்துபவன். உயர்தர முடிவு வந்த கையோடு பல்கலைக்கழக விண்ணப்பம் போடப் பிள்ளைகள் வருவார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி நன்றாக எடுத்தவர்கள்தான். ஈமெயில் இருக்கிறதா என்று கேட்டால், "அண்ணா, நீங்களே ஒன்று திறந்து தாங்கோ." பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பேன், அடுத்த கிழமை "தாளைத் துலைச்சிட்டன்" என்று வந்து நிற்பார்கள். சில கடைகளில் கடைக்காரரின் போன் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கணக்குக்கு வரும் ஓ.டி.பி. யாருக்குப் போகும்?

இன்னொன்று. எந்தப் படிப்பை முதலாவதாகப் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்பதையும் என் தலையில் கட்டிவிடுவார்கள். இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் ஒரு பக்கம், இந்த ஒழுங்கு மறுபக்கம். பிள்ளை நாலு வருசம் என்ன படிப்பது என்பதை ஃபோட்டோகொப்பி எடுக்கிறவனா தீர்மானிப்பது? கோடிங்கைப் பிறகு பார்ப்போம்.

உவர்மலையான்:
அண்ணன், ஈமெயிலும் விண்ணப்பமும் ஒரு கிழமையில் பழக்கக்கூடியவை. அதற்காக நிரலாக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா?

கணினி ரீச்சர்:
ஒரு கிழமையா? சரி, வந்து பழக்கிக் காட்டுங்கள் தம்பி. சாதாரண தரத்தில் எங்கள் பாடம் விருப்பப் பாடம். எடுக்காத பிள்ளை கணினிக் கூடத்துப் பக்கமே வராது. எடுத்த பிள்ளை 0, 1 மட்டும் கொண்ட துவித எண்ணைத் தசமமாக்கும், தருக்கப் படலை (லொஜிக் கேட்) வரையும். அதே பிள்ளையிடம் தமிழில் ஒரு விடுமுறைக் கடிதம் அடிக்கச் சொன்னால் பாமினியைத் தேடும்.

பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அது இல்லாத போனில் கடிதத்தைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அறிவித்தல் ஒன்று அப்படி வட்ஸ்அப்பில் போய், "இது என்ன பாஷை ரீச்சர்?" என்று அம்மாமார் கேட்டார்கள். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண்கள் இருப்பதால் எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும், தேடினாலும் அகப்படும். நிரல் எழுதப் போகிறவருக்கும் இது வேண்டும்தானே?

கிண்ணியா ராத்தா:
எல்லாரும் கம்பியூட்டர் இருக்கிற வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினபோது எங்கட வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒரு போன். வாப்பா வேலைக்குக் கொண்டுபோனால் அன்றைக்குப் பாடம் இல்லை. ரீலோட் காசு வேறு. வகுப்பறையில் போனே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

போன தவணை மகள் கன்னியா வெந்நீரூற்று பற்றி ஒப்படை எழுதினாள். சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாளாம். வாசித்துப் பார்த்தால் சூரியோதயம், கடல் நடுவில் விவேகானந்தர் பாறை! கன்னியாகுமரியைத் தூக்கிக்கொண்டு வந்து திருகோணமலையில் வைத்திருக்கிறது. ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளிக் குளித்த பிள்ளை அவள். எந்தக் கிணறு கூடச் சுடும் என்பதும் தெரியும். ஆனாலும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். அதற்குச் சரியும் விழுந்திருக்கிறது!

உவர்மலையான்:
ராத்தா, இது என் பக்க நியாயம். சட்ஜிபிடி அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து ஊகித்து எழுதுகிறது. கன்னியாவைவிடக் கன்னியாகுமரி பற்றி இணையத்தில் எழுத்து அதிகம், அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ஏமாறாது. போனை ஒளித்து வைத்தால் எப்படித் தெரியவரும்?

கிண்ணியா ராத்தா:
உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். அதற்கு எதற்குத் தம்பி கோடிங்?

கணினி ரீச்சர்:
இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாய் தகப்பன் மேற்பார்வை இல்லாமல் 13 வயதுக்குக் கீழே கூகுள் கணக்கு எடுக்க முடியாது. தரம் ஆறுப் பிள்ளைக்குப் பதினொரு வயது. ஆகவே தரம் ஒன்பதில் தொடங்குவோம் என்கிறேன்: யுனிகோடில் கடிதம், அதைப் பிடிஎஃப் ஆக்குவது, சொந்த ஈமெயிலில் எனக்கு அனுப்புவது. கூடவே இணையத்தில் எடுத்த ஒரு தகவலைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் அடியில் கோடு போடுவது.

கடைக்காரன்:
அந்தக் கடிதத்தை என் கடைக்குக் கொண்டுவந்து அடித்துத் தரச் சொல்லாமல் இருந்தால் சரி.

உவர்மலையான்:
தரம் ஒன்பதுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆறை விடமாட்டேன். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருளைக் கணினியில் இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கூடத்தைத் திறந்து தாருங்கள் ரீச்சர், சனிக்கிழமைகளில் நானே வந்து இலவசமாகப் பழக்குகிறேன்.

கிண்ணியா ராத்தா:
சனிக்கிழமை கணக்கு ரியூசன், தம்பி. வேறு நாள் இருக்கிறதா?