பொருள்: மறு: அடிவயிற்றில் போடும் கதீட்டருக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். சிறுநீரை வடிக்க அடிவயிற்றில் துளையிட்டுச் சிறுநீர்ப்பைக்குள் போடும் குழாய்க்கு (suprapubic catheter) தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> 'பூப்பென்புமேல் வடிகுழாய்' என்றே வைக்கலாம். எலும்பின் பெயர் உடற்கூற்று நூல்களில் இருக்கிறதே.

துல்லியம்தான். ஆனால் கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வீடு வீடாகப் போய்க் கதீட்டர் மாற்றுகிற எனக்கு அதைச் சொல்ல வாய் வராது. பூப்பு என்றால் இங்கே சடங்குதான். கேட்டுக்கொண்டு படுத்திருப்பவரோ, மிளகு பறிக்கப் போய் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட ஆண்.

> அப்படியானால் 'அடிவயிற்றுச் சிறுநீர்க்குழாய்'?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்க்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். உடம்போடு பிறந்ததற்கும் மருந்துக்கடையில் வாங்கியதற்கும் ஒரே பெயர் வேண்டாம். குழாயை விட 'வடிகுழாய்' தேவலை.

இதை எங்கே, எதற்குப் போடுகிறார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது ஸ்கேன் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பின் முன்னெலும்புக்கு (அதுதான் பூப்பென்பு) சற்று மேலே துளையிட்டு நேராகப் பைக்குள் இறக்குவார்கள். உள்நுனியில் உள்ள சின்ன பலூனில் சுமார் 10 மி.லி. சுத்த நீர் ஏற்றினால் குழாய் வெளியே வராது. இடுப்பெலும்பு முறிந்து சிறுநீர் வரும் பாதை கிழிந்தாலோ, தழும்பால் அது சுருங்கினாலோ, புராஸ்டேட் பெருத்துக் கீழிருந்து குழாய் ஏறாவிட்டாலோ இதுதான் வழி. முதுகுத்தண்டு அடிபட்டு, காலமெல்லாம் குழாய் தேவைப்படுபவர்களுக்கும் இது நல்லது: கீழே மாதக்கணக்கில் வைத்தால் பாதையே அரித்துப் புண்ணாகிவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை, தாம்பத்தியத்துக்கும் இடைஞ்சல் குறைவு. கிருமித் தொற்று மட்டும் இரண்டிலும் வரும்.

சரி, பெயருக்கு வருகிறேன். போன வருடம் ஒரு வீட்டார் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "டியூப் கழண்டு போச்சு" என்றார்கள். எடுத்தவர் கீழே போட்ட டியூப் என்று நினைத்து, "காலையில வாங்க" என்றுவிட்டார். அடிவயிற்றுத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். விடிந்து மலையிறங்கி வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தபோது குழாய் நுழைய இடமில்லை. மறுபடி துளை போட்டார்கள். அதனால் எலும்பு முக்கியமில்லை, எந்த வழி என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: மேல்வழி வடிகுழாய், கீழ்வழி வடிகுழாய்.

---

சிஸ்டர், 'மேல்வழி' என்றால் மூக்கு வழியாகப் போடும் சாப்பாட்டுக் குழாய் என்று நினைத்துவிட மாட்டார்களா? நான் மதுரையில் வார்டில் இருப்பவன். இங்கே பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டும் இருக்கும்.

---

நியாயம் சார். வீட்டில் கீழ்வழியோடு மட்டுமே ஒப்பிடுகிறோம் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை. 'அடிவயிற்றுவழி வடிகுழாய்' என்று வைத்துக்கொள்வோம். 'அடி'யை யாரும் விட்டுவிடக் கூடாது, வயிற்றுவழி உணவுக் குழாயும் உண்டு. நோயாளி கையில் கொடுக்கும் அட்டையில் இனி அப்படியே எழுதுகிறேன், அளவும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியும் சேர்த்து. பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் வைக்கிறோம்.

அப்புறம், வெளியே தொங்கும் பைக்கும் ஒரு சொல் கொடுங்கள். சிறுநீர் திரும்ப ஏறாமலிருக்க "பையைப் பைக்குக் கீழே தொங்கவிடுங்க" என்று சொன்னால் யாருக்குப் புரியும்? 'சேகரிப்புப் பை' வேண்டாம், தாலுகா ஆபீஸ் வாடை அடிக்கிறது.