செந்தூல்: பிறப்புப் பத்திர வேலை தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தேவாலயத்திலிருந்து பிபிஆர் (அரசாங்கத்தின் மலிவு வீடு) அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, எண்ணெய், மைலோ கொடுக்கிறோம். இந்து, கிறிஸ்துவர் என்று பார்ப்பதில்லை, சமயமும் பேசுவதில்லை. பொருளுக்கு இப்போது குறையில்லை.

உதவி தேவைப்படுவது வேறு விஷயத்தில். ஒரு வீட்டில் பாட்டிதான் பேத்தியை வளர்க்கிறார். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. பாட்டியிடம் இருப்பது மருத்துவமனைச் சீட்டு ஒன்றுதான், அதுவும் மடித்து மடித்து எழுத்து அழிந்துவிட்டது. பிறந்து 60 நாட்களுக்குள் பதியாவிட்டால் தாமதப் பதிவுதான். அதற்குக் கூடுதல் ஆவணம், சாட்சி எல்லாம் கேட்பார்கள். பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடம், பிறகு அடையாள அட்டை என்று எல்லாமே சிக்கல். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் முதலாம் ஆண்டு போக வேண்டும்.

பதிவுத் துறையில் இந்த வேலையைச் செய்து பழகியவர்கள், இல்லையென்றால் மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தெரிந்து வார நாளில் பாட்டியோடு கூடப் போகக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கட்டணம் வாங்காத வழக்கறிஞரைத் தெரிந்தாலும் சொல்லுங்கள். வண்டி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். கீழே எழுதுங்கள், அப்புறம் தனியாகப் பேசலாம். பிள்ளையின் பெயரை இங்கே கேட்க வேண்டாம், ப்ளீஸ்.