மறுபதிப்புக்குச் சன்மானம் கேட்பது எப்படி?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை பற்றி ஓர் இதழுக்கு எழுதினேன். சன்மானமும் வந்தது. இப்போது அதைப் படங்களோடு ஒரு தொகுப்பு நூலில் சேர்க்கிறார்களாம். தனியாகப் பணம் கிடையாதாம். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை ஃப்ரீலான்ஸாக எழுதுபவரின் கட்டுரை அவருக்கே சொந்தம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால்தான் சிக்கல். என்னுடையவை முன்பே எடுத்து வைத்திருந்தவை.

அந்த இதழின் ஆசிரியர் வரிக்கு வரி உட்கார்ந்து திருத்தித் தருபவர். அப்படி ஒருவர் கிடைப்பது அரிது, அவரோடு மனக்கசப்பு வரக்கூடாது. உரிமையை விடவும் மனமில்லை. முதல் சன்மானத்தில் பாதி கேட்டால் நியாயமா? அப்புறம், இதற்கு நீங்கள் எழுதிய மின்னஞ்சல் ஏதாவது இருந்தால் பகிருங்களேன்.