ஆல்டிஹைடு வேண்டும், அமிலமே கிடைக்கிறது: 1-பியூட்டனால் ஆக்சிஜனேற்றத்தில் உதவி தேவை

முதுநிலை_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். 1-பியூட்டனால் என்னும் ஆல்கஹாலிலிருந்து பியூட்டனல் என்னும் ஆல்டிஹைடைத் தயாரிக்க இருமுறை முயன்றும் பலன் இல்லை. 15 கிராம் பியூட்டனால், 40 கிராம் சோடியம் டைகுரோமேட் டைஹைட்ரேட், நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் மூன்றையும் குடுவையில் ஒன்றாகச் சேர்த்து, குளிர்விப்பானைச் செங்குத்தாகப் பொருத்தி இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டேன். செம்மஞ்சள் நிறம் கரும்பச்சையாக மாறியதைக் கண்டு வினை முடிந்தது என்று நம்பினேன். ஆனால் பிரித்தெடுத்த திரவத்தில் காறிய வெண்ணெயின் நெடி அடிக்கிறது. சோடியம் பைகார்பனேட் கரைசலில் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது. ஆல்டிஹைடைக் காட்டிக்கொடுக்கும் டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி படியவில்லை. ஆல்கஹால் தூய்மையற்றதாக இருக்குமோ என்று ஐயுற்றுப் புதிய புட்டியைத் திறந்து செய்தபோதும் இதே முடிவுதான். தவறு எங்கே இருக்கிறது?

பழைய_குடுவை:

வணக்கம். முதலில் ஒரு சொல்: பியூட்டனால், பியூட்டனல் இரண்டுக்கும் இடையே ஒரு துணைக்கால்தான் வேறுபாடு. புட்டியில் ஒட்டும் சீட்டிலாவது ஆல்டிஹைடுக்குப் பியூட்டைரால்டிஹைடு என்று எழுதுங்கள். நான் ஒருமுறை இதில் ஏமாந்து ஒரு நாள் வேலையை வீணடித்திருக்கிறேன்.

உங்கள் ஆல்கஹாலில் குறையில்லை. கணக்கைப் பாருங்கள். ஆல்டிஹைடு வரை போக 3 மோல் ஆல்கஹாலுக்கு 1 மோல் டைகுரோமேட் போதும். அமிலம் வரை போக 2 மோல் வேண்டும். நீங்கள் எடுத்தது ஏறத்தாழ 0.2 மோல் பியூட்டனால். அதை ஆல்டிஹைடாக்க 20 கிராம் டைகுரோமேட் போதுமாக இருந்திருக்கும். 40 கிராம் என்பது அதை முழுவதுமாக அமிலமாக்கும் அளவு. அறிந்தோ அறியாமலோ, அமிலத்துக்குரிய செய்முறையைத்தான் செய்திருக்கிறீர்கள்.

ஆனால் அளவை மட்டும் பாதியாக்கினால் சரியாகிவிடாது. ஓரிணைய ஆல்கஹாலில் ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்கும் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போனால் ஆல்டிஹைடு. அந்த ஆல்டிஹைடு நீரைக் கண்டால் ஒரு மூலக்கூறு நீரைச் சேர்த்துக்கொண்டு ஒரே கார்பனில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஹைட்ரேட்டாகிறது. குரோமியத்தின் கண்ணுக்கு அது இன்னொரு ஆல்கஹால். அதிலும் ஒரு ஹைட்ரஜன் மிச்சமிருப்பதால் மீண்டும் குரோமேட் எஸ்டர் உருவாகி, அடுத்த ஆக்சிஜனேற்றம் நடந்து, அமிலத்தில் போய் நிற்கிறது. ஈரிணைய ஆல்கஹாலைக் கொதிக்க வைத்தால் கீட்டோனோடு நிற்பது, அங்கே எடுக்க வேறு ஹைட்ரஜன் இல்லாததால்தான்.

ஆகவே ஆல்டிஹைடு உருவானவுடனே குடுவையை விட்டு வெளியேற வேண்டும். அதன் கொதிநிலை 75 டிகிரி செல்சியஸ், பியூட்டனாலுடையது 118, அமிலத்துடையது 163. நீங்கள் செங்குத்தாகப் பொருத்திய குளிர்விப்பான், தப்பித்து மேலே வந்த ஆவியைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறது. வரிசையைத் தலைகீழாக்குங்கள்: கொதிக்கும் பியூட்டனாலில், அமிலம் கலந்த டைகுரோமேட் கரைசலைச் சொட்டுப் புனல் வழியாக மெதுவாக விடுங்கள், பின்னக் காய்ச்சி வடிப்பு நிரலைப் பொருத்தி, நிரலின் உச்சியில் வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டாதபடி சொட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியும் குடுவை பொங்கி வழியாதது உங்கள் நல்ல காலம். இந்தக் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

நீரில்லா_வழி:

மேலே சொன்னது பியூட்டனாலுக்குப் பொருந்தும். எட்டு, பத்துக் கார்பன் கொண்ட ஆல்கஹாலில் ஆல்டிஹைடு அவ்வளவு எளிதில் வடிந்து வராது. அங்கே நீரையே ஒதுக்க வேண்டும். 1975இல் கோரியும் சக்ஸும் அறிமுகப்படுத்திய பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட்), டைகுளோரோமீத்தேனில் நீரின்றி வேலை செய்வதால் ஆல்டிஹைடோடு நின்றுவிடும். என் விருப்பம் குரோமியத்துக்குப் பதிலாக டைமெத்தில் சல்ஃபாக்சைடைக் கொண்டு ஆக்சிஜனேற்றும் ஸ்வெர்ன் முறை. மைனஸ் 78 டிகிரி குளிரும், டைமெத்தில் சல்ஃபைடின் சகிக்க முடியாத நாற்றமும் அதற்குத் தரும் விலை.

முதுநிலை_மாணவி:

பழைய_குடுவை ஐயாவுக்கு நன்றி. அப்படியே செய்தேன். வடிந்த திரவம் 4 கிராம்தான், ஆனால் வெள்ளி ஆடி பளிச்சென்று படிந்தது. பைகார்பனேட்டில் ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. குடுவையில் எஞ்சியதன் மேலடுக்கில் பழ வாசனை வருவது ஏன்? கல்லீரலிலும் எத்தனால் ஆல்டிஹைடாகிப் பின் அமிலமாகிறது என்று படித்திருக்கிறேன். சுற்றிலும் நீர் இருக்க, அங்கே இடையில் நிறுத்துவது இயலுமா?

பழைய_குடுவை:

பழ வாசனை பியூட்டைல் பியூட்டனோயேட் என்னும் எஸ்டருடையது. ஆல்டிஹைடை நீருக்குப் பதிலாக இன்னொரு பியூட்டனால் மூலக்கூறு பிடித்தால் ஹெமிஅசிட்டால் உருவாகும். அது ஆக்சிஜனேற்றமடைந்தால் நேரே எஸ்டர். உங்கள் 4 கிராமுக்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்தியல்_பக்கம்:

இரண்டாம் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். உடலில் இரண்டு படிகளுக்கும் தனித்தனி நொதிகள் உள்ளன. முதல் படியை ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலிலும், இரண்டாவதை ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடத்துகின்றன. ஆல்டிஹைடு தானாக ஹைட்ரேட்டாகும் வரை இரண்டாம் நொதி காத்திருப்பதில்லை. தன்னிடமுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகத்தை ஆல்டிஹைடின் கார்பனோடு இணைத்து, ஹைட்ரஜனை என்ஏடி என்னும் துணைநொதியிடம் கொடுத்த பிறகே நீரை அழைக்கிறது. குடுவையில் நீர் செய்ததை இங்கே கந்தகம் செய்கிறது.

நொதிகள் வேறு என்பதால் எந்தப் படியிலும் நிறுத்தலாம். டைசல்ஃபிராம் என்னும் மருந்து இரண்டாம் படியை அடைப்பதால், மது குடித்தால் எத்தனாலிலிருந்து வரும் அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, குமட்டலும் படபடப்பும் உண்டாகின்றன. மெத்தனால் நச்சில் முதல் படியையே அடைக்க வேண்டும். பார்வை நரம்பைக் கெடுப்பது மெத்தனாலைவிட அதிலிருந்து வரும் ஃபார்மிக் அமிலம்தான். அதற்குத் தரப்படும் ஃபோமெபிசோல் முதல் நொதியைப் பிடித்துவைக்க, மாறாத மெத்தனால் மெல்ல வெளியேறுகிறது. தேவைப்பட்டால் டயாலிசிஸ் மூலம் அகற்றுவார்கள். விழித்திரையில் உடலே ஆல்டிஹைடைப் பயன்படுத்திக்கொள்கிறது: ரெட்டினால் என்னும் ஓரிணைய ஆல்கஹால் ரெட்டினலாகி, ஆப்சின் புரதத்தோடு பிணைந்து ஒளியை உணர்கிறது. அங்கேயும் அதே துணைக்கால் தொல்லை!

முதுநிலை_மாணவி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அலமாரியில் வைத்திருந்த அதே ஆல்டிஹைடு இப்போது பைகார்பனேட்டில் நுரைக்கிறது. குரோமியம் கலந்து வந்துவிட்டதா?

பழைய_குடுவை:

இல்லை, இது காற்றின் வேலை. ஆல்டிஹைடு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு தனியுறுப்பு வினையில் பெர்அமிலமாகி, அது மற்றொரு ஆல்டிஹைடு மூலக்கூறோடு வினைபுரிந்து இரண்டுமே அமிலமாகிவிடும். பைகார்பனேட்டால் கழுவி, உலர்த்தி, மீண்டும் வடித்து, நைட்ரஜன் நிரப்பிய நிறமடித்த புட்டியில் குளிரில் வையுங்கள். ஆய்வேட்டில் காட்டத்தான் வேண்டுமென்றால், வடித்த அன்றே சிறிதளவை 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசோனாக மாற்றிவிடுங்கள்; 123 டிகிரி அளவில் உருகும் அந்தப் படிகத்தைக் காற்று எளிதில் கெடுக்காது.