குடும்பக் குழுவில் ஒரு மாலை: சோஃபியா பிளாக்மோரும் 9 தமிழ்ச் சிறுமிகளும்

நான்: அனைவருக்கும் மாலை வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இளையர் கூட்டத்தில், சிங்கப்பூரில் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்த விசுவாசி ஒருவரைப் பற்றி நான் பேச வேண்டும். அத்தை படித்த மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய சோஃபியா பிளாக்மோரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் எப்படி ஊழியத்துக்கு வந்தார் என்பதைப் பெரியவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?

பெரியப்பா: மிகவும் நல்ல தேர்வு, அம்மா. 1887 ஆகஸ்டில், செலிகி சாலைக்கு அருகிலுள்ள ஷார்ட் ஸ்திரீட்டில் அந்தப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதுதான். இந்திய வணிகர் ஒருவர் கொடுத்து உதவிய கடைவீட்டில், 9 சிறுமிகளை வைத்துக்கொண்டு பிளாக்மோர் அம்மையார் பாடம் நடத்தத் தொடங்கினார். நம் தமிழ் வீட்டுப் பெண்பிள்ளைகளே அந்தப் பள்ளியின் முதல் மாணவிகள் என்பதை நம் சபையின் இளையர்கள்கூட அறியாமல் இருப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அத்தை: அவருடைய அழைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அவர் 1857இல் ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில், பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். இசபெல்லா லியோனார்ட் என்ற அமெரிக்க நற்செய்தி ஊழியரைச் சந்தித்த பிறகே, மிஷனரியாகப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது. ஆனால் திருமணமாகாத பெண்ணை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பும் வழி அன்று அவருடைய ஊர்த் திருச்சபையில் இல்லாததால், அவர் லியோனார்டுடன் இந்தியாவுக்குப் பயணமாகி, அங்கே அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியர்களோடு சேர்ந்து, அவர்கள் வழியாகவே 1887 ஜூலையில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 29 வயது. ஒரே நாளில் மின்னல் வெட்டியதுபோல நடந்த மனமாற்றமாக இதைச் சொல்லிவிடாதே. கதவு அடைபட்டிருந்தபோதும் காத்திருந்து வேறு வழி தேடியதில்தான் அவருடைய விசுவாசத்தை நான் பார்க்கிறேன்.

அண்ணன்: ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் ஊழியத்துக்கு அமெரிக்காவிலிருந்து யார் பணம் கொடுத்தார்கள்?

பெரியப்பா: மினசோட்டா மாநிலத்து மெதடிஸ்ட் பெண்கள், தம்பி. அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேரி நைண்ட் அம்மையார், சிங்கப்பூருக்கு ஒரு பெண் ஊழியரை அனுப்ப 3,000 டாலர் திரட்டித் தருவதாகப் பொறுப்பேற்றார். பெங்களூரில் பிறந்து, நில அளவையாளராக வேலை பார்த்து, பிறகு ஊழியத்துக்கு வந்த வில்லியம் ஓல்டாம் 1885இலேயே இங்கே வந்துவிட்டார். மறு ஆண்டு மார்ச் முதல் தேதி அமோய் ஸ்திரீட்டில் 13 மாணவர்களுடன் ஆங்கிலோ சீனப் பள்ளியையும் தொடங்கிவிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது போதும். பெண்பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குள் போக ஒரு பெண்தான் வேண்டும் என்ற நிலை இருந்தது. பனி உறையும் ஊரில் இருந்துகொண்டு, பார்த்தேயிராத வெப்ப நாட்டுப் பெண்பிள்ளைகளுக்காக அந்தப் பெண்கள் பணம் சேர்த்ததை நீ உன் பேச்சில் விட்டுவிடக் கூடாது.

சித்தி: ஒன்று கேட்கலாமா? நான் இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதால் கேட்கிறேன். பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்று அன்றைய பெற்றோர் அஞ்சவில்லையா?

பெரியப்பா: அஞ்சியிருப்பார்கள், அம்மா; அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. நற்செய்தி சொல்வதற்காகவே வந்தவர் அவர்; வேதாகமமும் அவருடைய கல்விப்பணியும் பிரிக்க முடியாதவை. அதை மறைத்துப் பேசினால் நாம் அவருக்கும் அந்தப் பெற்றோருக்கும் நேர்மையாக இருக்க மாட்டோம். தெரிந்தே பிள்ளைகளை அனுப்பியவர்களும் இருந்தார்கள் என்றால், எழுத்தும் கணக்கும் தையலும் தெரிந்த மகள் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சித்தி: நேராகச் சொன்னதற்கு நன்றி, மாமா. இதையும் அவள் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அத்தை: சீனக் குடும்பங்களில் இன்னும் கடினம். தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து மலாய்ப் பழக்கங்களையும் ஏற்றுக்கொண்ட பெரனாக்கான் சீனர் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணைத் திருமணம் வரை வெளியே விடுவதே அரிது. அம்மையார் வீடு வீடாகப் போய், தாய்மார்களோடு உட்கார்ந்து பேசி, பெண் படித்துச் சம்பாதிக்கவா போகிறாள் என்ற கேள்விக்கு மீண்டும் மீண்டும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் 1888இல் ஒரு நோன்யா, அதாவது பெரனாக்கான் அம்மையார், தம் வீட்டையே பாடம் நடத்தத் திறந்துவிட்டார். அங்கே ஒரு சில பிள்ளைகளுடன் தொடங்கி, தெலுக் ஆயர் பெண்கள் பள்ளியாக வளர்ந்து, 1912இல் ஃபேர்ஃபீல்டு என்று பெயர் மாறிய பள்ளி இன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வீட்டுக்காரப் பெண்மணிக்கும் உன் பேச்சில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

நான்: கட்டாயம் ஒதுக்குகிறேன், அத்தை. நைண்ட் இல்லம் என்பதும் இவரோடு தொடர்புடையதுதானா?

அத்தை: ஆம். பெண்பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காக அவர் நடத்திய விடுதி அது; மேரி நைண்ட் அம்மையாரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி பிற்காலத்தில் சோஃபியா குன்றுக்கு மாறியதால், குன்றுக்கு இவருடைய பெயர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அவர் வருவதற்கு முன்பே குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது.

அண்ணன்: அவர் எத்தனை காலம் இங்கே இருந்தார்?

பெரியப்பா: இடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்ததைத் தவிர, 1928இல் ஓய்வு பெறும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே ஊழியம் செய்தார். பெரனாக்கான் குடும்பங்களுக்காக மலாய் மொழியில் நடந்த ஆராதனைக்குத் துணைநின்றார்; அந்தச் சபைதான் இன்று தேக்கா பக்கம் இருக்கும் கம்போங் கப்போர் மெதடிஸ்ட் தேவாலயம். 1945இல் ஆஸ்திரேலியாவில் காலமானார். சீன மாணவிகளும் சேர்ந்து பள்ளி பெருகியபோது தமிழ்ப் பெண்கள் பள்ளி என்ற பெயர் மாறியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நான்: அந்த 9 பேரிடமிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன், பெரியப்பா. நாளை இரவுக்குள் எழுதி இங்கே அனுப்புகிறேன். ஆண்டுகளையும் பெயர்களையும் அத்தை ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.

அத்தை: அனுப்பு. புக்கிட் தீமா வட்டாரத்தில் பள்ளி இப்போது இருக்கும் சாலைக்குப் பிளாக்மோர் டிரைவ் என்று பெயர்; அது இவருடைய பெயர்தான். மறக்காமல் சேர்த்துக்கொள்.