கடல் வத்தின நாளில் உங்களுக்கு என்ன நடந்தது?

கடைமடைக்காரன்

சேதுபாவாசத்திரம் பக்கம் மாமனார் வீடு. மாசி மகத்துக்குப் போனவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கிவிட்டோம். மறுநாள் காலை பையனைக் கூட்டிக்கொண்டு மனோரா கோட்டைக்குப் பின்னால் கடலில் இறங்கினேன். அந்தக் கடல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலை என்று ஒன்று கிடையாது, தண்ணீர் வத்தினால் போய்க்கொண்டே இருக்கலாம். அரைமணி நேரம் நடந்தும் முட்டிக்கு மேல் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் மனோரா சுண்டுவிரல் உயரத்துக்கு நிற்கிறது.

காலடி முழுக்கக் கடல்புல். பையன்தான் முதலில் பார்த்தான். ஒரு புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரை, என் நடுவிரல் நீளம். "அப்பா, அம்மாகிட்ட காட்டிட்டு விட்டுடலாம்பா" என்றான். சரி என்றேன். பாட்டிலில் இருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடல் தண்ணீரை மொண்டு அதில் விட்டோம்.

கரை வரும்வரை அது வாலை நீட்டி நீட்டிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. பிடிக்க ஒன்றுமில்லை, வழவழவென்று பிளாஸ்டிக். ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எடுத்த எடத்துலயே விட்டுட்டு வாங்க தம்பி" என்றார், தலையைத் தூக்காமல். அதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. எடுத்த இடத்தை எங்கே போய்த் தேடுவது? தொடையளவு ஆழத்தில் பாட்டிலைக் கவிழ்த்தேன். நீந்தியதா, அப்படியே இறங்கியதா, கலங்கலில் தெரியவில்லை. பையன் மறந்துவிட்டான். எனக்கு அந்த வால் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

உப்பளத்தான்

கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தாயிற்று. தொட்டாலே வம்பு. "அம்மாவிடம் காட்டத்தான் எடுத்தோம்" என்றால் வனத்துறை கேட்டுக்கொள்ளாது. அது மட்டுமில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நீங்கள் அரைமணி நேரம் மிதித்துப் போனீர்களே, அந்தப் புல்தான் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குச் சாப்பாடு.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோடியக்கரையில் ஒரு செத்த ஆமையைப் பார்த்தேன். நாய் அதற்கு முன்பே பார்த்துவிட்டது.

தரங்கை மகள்

நான் சொல்லப்போவது கடலைப் பற்றியா, அம்மாவைப் பற்றியா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு வருஷம் முன்பு, ஒரு பௌர்ணமி. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் பக்கம். கோயிலில் பாதியைக் கடல் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். அன்று தண்ணீர் நன்றாக இறங்கி, எப்போதும் நுரைக்குள் கிடக்கும் கற்கள் பாசியோடு வெளியே நின்றன. பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி நண்டு தேடினார்கள். ஒரு குழியில் தண்ணீர் தேங்கி, அதில் விரல்நகம் அளவுக்கு மீன் குஞ்சுகள். நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

நிமிர்ந்தால் அம்மா மேலேயே நிற்கிறாள். மணலில் நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை, ஏழு பேருடையதையும், ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தாள். எல்லாச் செருப்பும் ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

2004-ல் எங்கள் வீட்டில் போனது யார் யார் என்று இங்கே எழுத வேண்டாம். "அன்னைக்கு உள்வாங்கவெல்லாம் இல்லடி, நேரா எழும்பித்தான் வந்துச்சு" என்று அம்மாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் "கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்" என்று டிவியில் வந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

பட்டுக்கோட்டை வாத்தியார்

தரங்கை மகள், உங்கள் அம்மாவின் பயம் நியாயம். நான் குறை சொல்வது அந்தச் செய்தியைத்தான். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வத்தும். தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. நேரம் மட்டும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நம் கரையில் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர்கூட வராது. மனோரா பக்கம் தரை சரிவே இல்லாமல் கிடப்பதால் அந்தச் சொற்பத்துக்கே கடல் எங்கோ போய்விட்டது போலத் தெரிகிறது. தரங்கம்பாடியில் கரை சரிவு, தண்ணீர் பத்திருபதடி தள்ளிப் போனால் பெரிது. இதைப் போய் "உள்வாங்கியது" என்று எழுதினால்? வற்று என்பது ஆறு மணி நேரம் மெதுவாக நடக்கிற சமாச்சாரம். சுனாமிக்கு முன் கடல் இறங்கினால் நிமிடக் கணக்கில் இறங்கும். அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முள் குத்தினவன்

ஆற்காட்டுத்துறை. முட்டளவுத் தண்ணீர். திருக்கையை மிதித்துவிட்டேன். ஆம்பளை நான் அழுதேன், அவ்வளவுதான் கதை.

ஆனால் இங்கே எல்லோரும் வெறுங்காலோடு கடலில் நடந்ததைப் பெருமையாக எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள், தரையோடு தேய்த்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வுக்கே நகர்ந்துவிடும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். குத்திவிட்டால் கயிறு போட்டு இறுக்குவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், அதில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும், வலி இறங்குவது நமக்கே தெரியும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காது, அதனால் நல்ல காலை முதலில் விட்டுப் பாருங்கள். என் மச்சான் பாசத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, முள்ளுக்கு மூன்று நாள், கொப்புளத்துக்கு மூன்று வாரம் என்று படுத்தேன். முள் உள்ளே முறிந்திருக்கலாம், ஆகவே டாக்டரிடம் கட்டாயம் போங்கள், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

ஒற்றைச் செருப்பு

வாத்தியார் ஐயா பாடம் எடுத்தாயிற்று, வைத்தியரும் வந்தாயிற்று. என் கதை சின்னது. முத்துப்பேட்டை, ஜாம்புவானோடையிலிருந்து படகு. தண்ணீர் வத்தி அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வைத்த மாதிரி சேறு முழுக்க நின்றன. "எறங்காதீங்க சார்" என்று படகுக்காரர் சொல்லும்போதே இறங்கிவிட்டேன். வலது கால் தொடை வரை போனது. இழுக்க இழுக்க இடதும் போனது. ஒரு முழம் தள்ளி ஓர் உளுவை மீன், தவளைக் கண்ணைத் தூக்கிக்கொண்டு, துடுப்பை ஊன்றிச் சேற்றுமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. கண்ணை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டது. அந்தச் சேற்றில் அது துள்ளித் துள்ளிப் போகிறது. நான் எண்பது கிலோ. பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி, துடுப்புக் கழியை நீட்டி இழுத்தார்கள். செருப்பு அங்கேயே.

கடைமடைக்காரன்

உப்பளத்தான் சொன்ன பிறகு மாமனாரிடம் கேட்டேன். அவர் சின்ன வயதில் கடல்குதிரையைக் காயவைத்து எடைக்கு விற்பார்களாம். "ஒண்ணுக்குப் போய் இம்புட்டு யோசிக்கிறீங்களே மாப்ள" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தரங்கை மகள்

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பௌர்ணமிக்கு அதிகமாக வத்தும், ஆறு மணி நேரம் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்று. முழுக்கக் கேட்டாள். "அன்னைக்கும் பௌர்ணமிதான்" என்றாள்.