மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு மட்டும் போதுமா, ஊசியும் தேவையா?

கேள்வி: காளிங்கராயன் பாசனத்தார்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் வேளாண்மை செய்து, ஜெர்சி கலப்பினக் கறவை மாடுகளையும் வளர்த்து வருகிறோம். பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. அண்மையில் கன்று ஈன்ற மாடு ஒன்றுக்குப் பின்பக்க இடது காம்பில் நேற்று மாலையிலிருந்து பால் திரிதிரியாக வருகிறது. அந்தப் பக்கத்து மடி சற்றுத் தடித்து, தொட்டால் சூடாகத் தெரிகிறது. மாடு வழக்கம்போல் தீவனம் தின்று அசை போடுகிறது; மற்ற மூன்று காம்புகளிலும் பால் நன்றாகவே இருக்கிறது.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசினால் போதும், ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்கிறார் என் தந்தையார். பூச்சை நம்பி நாளைக் கடத்தினால் மடி கல்போல் இறுகி அந்தக் காம்பே பயனற்றுப் போய்விடும் என்று அஞ்சுகிறான் என் தம்பி. பக்கத்துப் பண்ணையில் ஹோமியோபதி மருந்து கொடுக்கிறார்கள். மூலிகையால் தீராத நோயே இல்லை என்போரும், மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்போரும் சொல்வதைக் கேட்டு எங்களால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. எந்த நிலையில் பூச்சை நம்பலாம், எந்த நிலையில் நம்பக் கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில்: டெல்டா கறவையாளர்

ஐயா, உங்கள் தந்தையார் சொல்வது ஊர்ப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கது அன்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி இந்த முறையை அளவோடு வகுத்து உழவர்களுக்குக் கற்பித்தார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதை உழவர்களிடையே பரப்பி வருகிறது. எங்கள் பண்ணையில் தொடக்க நிலை மடிநோய்க்கு முதலில் இதைத்தான் செய்கிறோம்.

முள் சீவிய கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் விழுது செங்கல் நிறத்துக்கு வரும். சுண்ணாம்பின் காரம் பட்டு மஞ்சள் சிவப்பதுதான் அது. பாதிக்கப்பட்ட காம்பில் உள்ள பாலை முழுவதும் பீய்ச்சி, மடியைக் கழுவித் துடைத்தபின், விழுதில் ஒரு கை அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள்களுக்கு இதைச் செய்ய வேண்டும். விழுதை அன்றன்றே புதிதாக அரைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் மட்டும் பூசிவிட்டு மூலிகை பலிக்கவில்லை என்று சொல்வோர் பலர். அவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்யவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். மஞ்சள் விளையும் ஊரில் இருக்கிறீர்கள். கடைத்தூளில் சாயக் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் கிழங்கை வாங்கி நீங்களே இடித்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே சொல்லப்பட்ட முறையை நான் மறுக்கவில்லை. ஆனால், இயற்கையா செயற்கையா என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் இந்த விவாதம் எங்கும் திசைமாறுகிறது. மடிநோய் என்பது ஒரே நோய் அன்று. மடிக்குள் நுழைந்த கிருமி எது என்பதைப் பொறுத்து அதன் போக்கு முற்றிலும் வேறுபடுகிறது.

ஈ.கோலை போன்ற குடல்வாழ் கிருமிகளால் வரும் இலேசான மடிநோயில், நல்ல உடல்நிலையில் உள்ள மாடு பெரும்பாலும் தன் எதிர்ப்பாற்றலாலேயே கிருமியை வெல்கிறது. அதனால்தான் அயல்நாடுகளின் பல பண்ணைகளில் பாலில் உள்ள கிருமியை வளர்த்து அது எது என்று கண்டறியும் வளர்ப்புச் சோதனை செய்து, இலேசான நோயாகவும் இவ்வகைக் கிருமியாகவும் இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்காமலேயே கவனிக்கிறார்கள். அதே ஈ.கோலை கடுமையாகத் தாக்கினால் பால் தண்ணீராகவோ இளமஞ்சள் நீராகவோ மாறும். காது குளிரும், கண் குழியும், மாடு எழ மறுக்கும். கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்துவிட்ட அந்த நிலையில் ஓரிரு நாள்களுக்குள் மாடு இறக்கக்கூடும். அப்போது சிரைவழித் திரவமும் வீக்கம் குறைக்கும் மருந்தும்தான் உயிரைக் காக்கும். மடியின் மேல் எதைப் பூசினாலும் பயனில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி வேறு வகை. அது மடித்திசுவின் உள்ளே பதுங்கி, போவதும் வருவதுமாக மாதக்கணக்கில் நீடிக்கும். மூலிகைக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அது எளிதில் பணியாது.

பூசினோம், தேறியது என்பதை மட்டும் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை இதிலிருந்து காணலாம். ஹோமியோபதி பற்றிக் கேட்டீர்கள். நார்வேயில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மடிநோய் கண்ட மாடுகளைப் பிரித்து ஒரு பகுதிக்கு ஹோமியோபதி மருந்தும் ஒரு பகுதிக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. போலி மருந்து பெற்ற மாடுகளிலும் பல ஒரு வாரத்துக்குள் தேறின. கற்றாழைப் பூச்சின் நிலை இதிலிருந்து வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளுக்கு வீக்கம் தணிக்கும் தன்மை உண்டு. அதோடு, பூச்சுக்காக ஒவ்வொரு முறையும் காம்பைப் பீய்ச்சிக் கழுவுவதால் கிருமியும் திரிந்த பாலும் வெளியேறுகின்றன. பலனில் பெரும்பங்கு இதற்கே உரியது என்பது என் கணிப்பு.

உங்கள் மாட்டைப் பொறுத்தவரை, முதலில் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103ஐத் தாண்டினாலோ, தீவனம் குறைந்தாலோ, பால் நீர்த்தாலோ அப்போதே மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல் இல்லையென்றால் பூச்சைத் தொடங்கலாம். ஆயினும் இரண்டு நாள்களில் திரி குறையவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஊசியால் பால் வற்றும் என்பது சரியன்று. பால் வற்றுவது நோயால். சுண்ணாம்பைச் சொன்ன அளவுக்கு மேல் சேர்த்தால் காம்புத் தோல் வெந்து புண்ணாகும்.

பதில்: டெல்டா கறவையாளர்

மருத்துவர் ஐயா சொல்லும் எச்சரிக்கையை ஏற்கிறேன். எனினும் ஊர்ப்புறத்து நிலைமையையும் அவர் கருத வேண்டும். வளர்ப்புச் சோதனை செய்து மருந்து எழுதுவது இங்கே அரிது. என்ன கிருமி என்று தெரியாமலேயே வலுவான ஊசியை முதல் நாளே போட்டுவிடுகிறார்கள். மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019இல் இந்திய அரசு தடைவிதிக்க வேண்டி வந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி தணிக்கும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தபோது பறவைகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. இன்று தமிழ்நாட்டில் அவற்றைக் காண நீலகிரிப் பகுதியின் மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். தேவையற்ற இடத்தில் ஊசியைத் தவிர்ப்பதற்கு ஒரு வழி இருக்கும்போது அதை முதலில் கையாள்வது பொறுப்பான செயல் என்றே கருதுகிறேன்.

பதில்: சங்கப் பால் பரிசோதகர்

பாலைப் பற்றி இதுவரை யாரும் பேசாததால் எழுதுகிறேன். ஊசி போட்டாலும் பூச்சு பூசினாலும், திரிந்த பால் சங்கத்துக்கு வரக் கூடாது. மூலிகைதானே என்று நோயுள்ள காம்பின் பாலையும் சேர்த்து ஊற்றுவோரை அடிக்கடி பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. மூலிகையில் மருந்து எச்சம் இல்லை என்பது உண்மையானாலும், பாலில் கிருமியும் சீழ் அணுக்களும் இருக்கின்றன. அத்தகைய பால் உப்புக் கரிக்கும், காய்ச்சும்போது திரிந்துபோகும், தொட்டியில் உள்ள மற்றவர்களின் பாலையும் கெடுக்கும்.

ஆன்டிபயாடிக் போட்டால், மருந்து உறையில் குறிப்பிட்டுள்ள விலக்குக் காலம் முடியும்வரை நான்கு காம்புகளின் பாலையும் ஒதுக்க வேண்டும். ஒரு காம்புக்குள் ஏற்றிய மருந்து இரத்தத்தின் வழியே மற்றக் காம்புகளுக்கும் போகும். எச்சமுள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, உறைமோரில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அந்த மருந்து தடுத்துவிடும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ள குழந்தை அதைக் குடித்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: காளிங்கராயன் பாசனத்தார்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தபோது வெப்பம் 102க்குள்தான் இருந்தது, பூச்சைத் தொடங்கிவிட்டோம். அந்தக் காம்பின் பாலைத் தனிப் பாத்திரத்தில் பீய்ச்சிக் குழி தோண்டிக் கொட்டுகிறோம். கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லியிருக்கிறேன். இன்னொரு ஐயம்: பூச்சு பலன் தந்தால், கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும்கூடத் தடுப்பூசியை விட்டுவிட்டு மூலிகையையே நம்பலாம் என்கிறார் தந்தையார். இது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை: தடுப்பூசியை விடவே கூடாது. தோல் கழலை நோய்க்கு வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுக்கும் முறையும், கோமாரியில் வாய்ப்புண்ணுக்குத் தேங்காய், சீரகம், வெந்தயம் சேர்த்துக் கொடுக்கும் முறையும், நோய் வந்துவிட்ட மாட்டைத் தேற்றுவதற்கு உரியவை. வாய் வெந்து தீவனம் தின்ன இயலாத மாட்டுக்கு அவை ஆறுதல் தரும். நச்சுயிரி அடுத்த கொட்டகைக்குப் பரவுவதைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. 2013இல் கோமாரி காவிரிப் படுகையில் எத்தனை மாடுகளைக் கொண்டுபோனது என்பதை டெல்டா நண்பர் மறந்திருக்க மாட்டார்.

தந்தையாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மூலிகை மாட்டுக்குத் தரும் சிகிச்சை, தடுப்பூசி ஊருக்கே போடும் வேலி. மடிநோய் தீர்ந்தபின் கறவைக்குப் பிறகு காம்பை அயோடின் கரைசலில் நனைப்பதையும், கறந்த உடனே மாடு படுத்துவிடாதபடி தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வைப்பதையும் வழக்கமாக்குங்கள். காம்புத் துளை மூடச் சற்று நேரம் பிடிக்கும்; மாடு அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும். நாளை மாலை திரி எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.